குடைக்குள் அகம்: காலிமுகத்திடல் முதல் கல்கிசை வரை கமராக்காரர் வகைமை குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு

சென்ற மாதம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். நடத்தியவர்கள் யாரென்பது வேண்டாம். தேநீரும் பற்றீசும் தந்தார்கள், உண்ட வீட்டை மறக்கக்கூடாது. கடற்கரையில் படம் எடுப்பது பற்றி ஒருவர் 40 நிமிடம் கட்டுரை வாசித்தார். ‘வெளி’ என்ற சொல் 31 தடவை வந்தது. மண்டபத்தை விட்டு உண்மையாகவே வெளியே போனது நான் ஒருவன்தான், அதுவும் கேள்வி நேரத்துக்குப் பிறகு. “ஐயா, நீங்கள் கடைசியாகக் காலிமுகத்திடலுக்குப் போனது எப்போது?” என்பது என் கேள்வி. “அது என் ஆய்வுச் சட்டகத்துக்குள் வராது” என்றார். முன்வரிசை தலையாட்டியது.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “கண்டறியாத ஆராய்ச்சி! படமெடுக்கிறவங்களப் பற்றி, எடுபட்டு நிண்டவளிட்டக் கேக்காமல் ஆரிட்டக் கேக்கிறாங்கள்?” (பெரியம்மா, வாய்மொழி). இத்துறையில் இதனினும் சிறந்த முறையியல் கூற்று நான் கண்டதில்லை. இக்கட்டுரை அதன் விரிவுரை.

களமும் தொலைவும்

நான் குடியிருக்கும் களுபோவிலவில் கடல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைச் சுற்றி மருந்துக்கடைகளும் இளநீர் வண்டிகளும் ஓட்டோக்களும் இருக்கின்றன. ஆய்வாளன் ஆய்வுப் பொருளிலிருந்து விலகி நிற்கவேண்டும் என்பது அறிஞர் விதி. நான் காலி வீதிக்கு இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம். விலகல் போதுமானது.

களத்தின் வட எல்லை காலிமுகத்திடல், தென் எல்லை கல்கிசை. இரண்டுக்கும் நடுவே கோட்டையிலிருந்து வரும் ரயில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று அலை தெறிக்கும் தூரத்தில் ஓடுகிறது. 1895இல் மாத்தறை வரை நீண்டுவிட்ட இந்தப் பாதை சரக்குக்கும் ஆட்களுக்கும் போடப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இன்று வாசலில் தொங்கியபடி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தன்னையும் பிடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் அது படத்துக்காகவே போடப்பட்டது என்பது விளங்கும்.

தொல்காப்பியம் வகுத்த முறைப்படி இந்நிலம் நெய்தல். முதற்பொருளில் நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும், பொழுது எற்பாடு. இங்கே வாசகர் சற்று நிற்கவேண்டும். கமராக்காரர் ‘பொன் நேரம்’ என்று தலையில் தூக்கிவைத்து ஆடுகிற அதே பொழுதை நம்மவர் நெய்தலுக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எற்பாடு என்பது சூரியன் விழும் நேரமா எழும் நேரமா என்று உரைகாரர்களுக்குள் சண்டை உண்டு. மேற்கே கடல் உள்ள ஊருக்கு ஒரு தடவை வந்திருந்தால் தாள் மிச்சம்.

கருப்பொருள்: இறால் வடை, காகம், பட்டம், குடை, ஓட்டோ. உரிப்பொருள் இரங்கல். இரங்கலாவது மின்கலம் தீர்ந்துபோதல் என்பார் ஒரு சாரார். அவர் கூற்று பொருந்தாது என்பதைக் கட்டுரையின் இறுதியில் காட்டுவோம். இவ்விடத்தில் ஒரு நூற்பா யாத்துச் செருக எண்ணியிருந்தேன். ‘கமரா’வுக்கு எதுகை ‘சமரா’ மட்டுமே கிடைத்ததால் விட்டுவிட்டேன்.

தரவு சேகரித்த முறை பங்கேற்பு அவதானம். பங்கேற்றது பெரும்பாலும் வடையில். குறிப்புகள் எடுக்க 101ஆம் இலக்க பஸ் டிக்கற்றின் பின்பக்கத்தைப் பயன்படுத்தினேன். அது போதாதபோது வடை சுற்றித் தந்த தாள். இந்த நாட்டில் வடைத்தாள் என்பது பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் பழைய பரீட்சை விடைத்தாள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று மாதத்தில் என்னிடம் ஒரு சிறு ஆவணக் காப்பகமே சேர்ந்தது. இனி ‘வ.தா.’ என்று வருமிடமெல்லாம் அதையே குறிக்கும்.

முன்னோர்

எந்த ஆய்வும் முன்னோரைச் சொல்லித் தொடங்கவேண்டும். படிக்காமலும் சொல்லலாம், வழக்கம் அதுதான். நான் படித்த மட்டில் சொல்கிறேன்.

1875இல் ஜூலியா மார்கரெட் கமரன், கணவரின் கோப்பித் தோட்டங்களை நம்பி இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்து களுத்துறையில் குடியேறினார். கூடவே ஒரு பசுவும் இரண்டு சவப்பெட்டிகளும் கப்பலில் வந்தன. இங்கே நல்ல பெட்டி கிடைக்குமோ என்ற சந்தேகமாம். அந்தக் காலத்தின் பெரிய படப்பிடிப்பாளர்களில் ஒருவர். (பெயரிலேயே கமரா கிடப்பது தற்செயல் அல்ல என்று நிறுவ ஒரு கலாநிதிப் பட்டம் காத்திருக்கிறது.) உலகம் சுற்றிப் பூச்செடிகளை ஓவியமாய்த் தீட்டிவந்த மரியான் நோர்த் 1877 அளவில் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்தார். கமரன் அம்மையார் அவருக்குச் சால்வை சுற்றி, நட்டநடு வெயிலில், தலையில் தென்னோலை குத்தக் குத்த நிற்கவைத்து, ‘இயல்பாக இருங்கள்’ என்ற பாவனையில் படம் எடுத்தார். நம் கரையில் கமராவின் முன் வதைபட்ட உல்லாசப் பயணிகளின் வரிசை இவரிலிருந்து தொடங்குவதாகக் கொள்க. கமரன் 1879இல் மலைநாட்டில் காலமானார், கல்லறை பொகவந்தலாவையில்.

1890இல் கொழும்பில் பிளாட்டே நிறுவனம் தொடங்கியது. அவர்கள் அச்சிட்ட அஞ்சலட்டைகளில் தென்னை எப்போதும் சாய்ந்தே நிற்கும். நேரான தென்னை விற்கவில்லை போலும்.

பிறகு லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்து, சட்டம் படித்து, பியானோ வாசித்து, கடைசியில் கமராவில் தங்கியவர். 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. 1944இல் இறந்தார். அவர் பெயரில் உள்ள அரங்கில் நாடகம் பார்க்கப் போகிற பலர் வென்ட் என்பது ஒருவகை மண்டபம் என்று எண்ணியிருப்பதை வரிசையில் நின்றபோது காதால் கேட்டேன்.

வகைமை

கமராக்காரர் பல திறத்தர்.

குளிரூட்டிய வேனின் கண்ணாடிக்குள்ளிருந்து எடுப்போர்: இவர்கள் படத்தில் விழுவது இவர்களுடைய மூக்கு.

கருப்புவெள்ளையர்: மருதானை முதல் மாத்தறை வரை எல்லா நிறத்தையும் கண்ணால் பார்த்து ரசித்து, வீட்டுக்குப் போய் அத்தனையையும் துடைத்துவிட்டு, அதற்குத் தலைப்பு ‘நிறங்களின் தீவு’ என்று வைப்போர்.

கமராவுடன் உள்ளூர்த் தமிழர்: 1990களிலும் அதன் பிறகும் சில ஆண்டுகள் இவ்வகை களத்தில் அரிதாகவே காணப்பட்டது. காணப்பட்டவர்கள் அடையாள அட்டையை நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கம்பு நாடிகள்: இவர்கள் எங்கள் எல்லைக்குத் தெற்கே, கொக்கல, வெலிகம பக்கம் போவோர். ஆழமில்லாத கடலில் நட்ட கம்பில் ஏறிக் குந்தியிருந்து தூண்டில் போடும் மீனவர்களைத் தேடிப் போகிறார்கள். 1995இல் ஸ்டீவ் மக்கரி வெலிகமவில் எடுத்த படம் உலகமெல்லாம் சுற்றிய பிறகு கம்புக்கு மவுசு கூடியது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு மீனுக்காக ஏறுவோர் குறைந்து படத்துக்காக ஏறுவோர் கூடினார்கள். இப்போது கரையில் ஒருவர் நின்று காசு வாங்குவார். வாங்கிய பிறகே கம்பில் ஆள் ஏறும். இதை ‘மரபின் சரக்காக்கம்’ என்று அறிஞர் கண்டிப்பர். பெரியம்மாவின் கருத்து வேறு: “முந்தி மீன் கடலுக்குள்ள நிண்டது, இப்ப கரையில கமராவோட நிக்குது. தூண்டில் தூண்டில்தானே?” (பெரியம்மா, வாய்மொழி, மறுபதிப்பு: அடுத்த நாள் காலை, திருத்தங்களுடன்).

தாங்கிகள்: விரலிடுக்கில் சூரியனையும் உள்ளங்கையில் தாமரைக் கோபுரத்தையும் தாங்குவோர். இவ்வகையின் தலைநகர் இங்கில்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் மாமல்லபுரம். அங்கே சரிவில் உருண்டுவிடுவது போல நிற்கும், 250 தொன் என்று சொல்லப்படுகிற, கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையை வருகிறவரெல்லாம் கை கொடுத்துத் தாங்குகிறார்கள். 2019 ஒக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும்கூட அதன் முன் கைகோத்து உயர்த்தி நின்றார்கள். தாங்கவில்லை, அது மட்டும் வித்தியாசம்.

இவ்விடத்தில் ஒரு கிளை ஆய்வு தவிர்க்க முடியாதது. அந்தப் பாறையை 1908இல் ஆளுநர் ஹவ்லொக் ஏழு யானைகளைக் கட்டி இழுக்கப் பார்த்தார் என்று வழிகாட்டிகளும் கட்டுரைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. ஆதர் ஹவ்லொக் எங்களுக்குத் தெரியாதவரா? 1890 முதல் 1895 வரை இலங்கையை ஆண்டவர். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் ஏறி ‘ஹவ்லொக் ரோட்’ என்கிறோமே, அவரேதான். 1896இல் சென்னைக்கு ஆளுநராய்ப் போனார். 1900 முடிவில் அதையும் விட்டுப்போனார். அதற்குப் பிறகு டஸ்மேனியா. பதவி போய் எட்டு வருஷம் கழித்து ஒருவர் யார் செலவில் ஏழு யானை பிடித்தார்? ஒரு யானைகூட இதற்குச் சாட்சி சொல்ல முன்வரவில்லை. ஆண்டைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிக்காமல் அடிக்குறிப்பு மட்டும் நீண்டுகொண்டே போகிறது (101ஆம் இலக்க பஸ் டிக்கற், பின்பக்கம், என் கையெழுத்து, பம்பலப்பிட்டியில் போட்ட பிறேக்கால் கடைசிச் சொல் கோணியது).

குடையியல்

இனித் தலையாய பகுதி. இதற்காகத்தான் இவ்வளவும்.

காலிமுகத்திடலில் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றால் மழையில்லாமலே குடைகள் விரிந்திருக்கும். கடலைப் பார்த்தபடி, வரிசையாக, நிலத்தோடு நிலமாய். ஒவ்வொரு குடைக்கும் கீழே இரண்டு சோடி செருப்பு தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. வந்திறங்கிய கமராக்காரர் இதை வெயிலுக்கான ஏற்பாடு என்று எண்ணி, நல்ல நிறச்சேர்க்கை என்று குனிகிறார். பாவம்.

குடையாவது, மின்கலம் வேண்டாத, பழுதுபார்க்கச் சந்திக்குச் சந்தி ஆள் உள்ள, உள்ளூர்க் காதலர் கைக்கொண்ட கமராத் தடுப்புக் கருவி. அது மூவகைப்படும்.

களவுக் குடை: கம்பு தோளில் சாய்ந்து, விளிம்பு புல்லைத் தொட்டு, கடல் பக்கம் திறந்தும் ஊர்ப் பக்கம் மூடியும் இருப்பது. கடல் யாரிடமும் சொல்லாது, ஊர் சொல்லும் என்ற மெய்ஞ்ஞானத்தில் விளைந்தது.

உடன்போக்குக் குடை: பஸ் தரிப்பிடம் நோக்கி விரைவது. இருவர் கீழே நான்கு கால், இரண்டு மட்டும் நனையும்.

கற்புக் குடை: மடித்துக் கக்கத்தில் இடுக்கியது. மற்றக் கையில் பிள்ளை. கணவர் இரண்டு முழம் முன்னால், வடைத்தட்டை நோக்கி. வெயில் கொளுத்தும், விரிக்கமாட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லாதபோது குடைக்கு வேலையில்லை என்க.

குடை சாய்தல் எதனாலெனின், காற்றினால் என்பார் உளர். அற்றன்று. கமராக்காரர் வடக்கே நகரக் குடையும் வடக்கே திரும்பும். தெற்கே நகரத் தெற்கே திரும்பும். அவர் சலித்துப்போய் வடை வாங்கச் சென்றால் நிமிரும். காற்றுக்கு அவ்வளவு அறிவில்லை. ஆதலின் கமராவினாலே என்பது போதரும். சூரியகாந்தி சூரியனைப் பார்க்கிறது. இது பாராதிருப்பதற்காகத் திரும்புகிறது. தாவரவியலாளர் கவனத்துக்கு.

இத்திடல் யாருக்கு என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் கடலோர நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். குடைக்காரர்கள் இந்த வாசகத்தை மீறுகிறார்கள் என்று ஒழுக்கவாதிகள் சொல்வதுண்டு. நான் உடன்படேன். குழந்தைகளுக்கான முன்னேற்பாடுகளையும் வார்டின் கல் உள்ளடக்கும் என்பதே நேர்மையான வாசிப்பு.

இன்னும் ஆழமாகப் போகலாம், ஆளில்லாத இடம்தானே. அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. பெயர் சொன்னால் அது அகம் அல்ல, புறம். இரண்டாயிரம் ஆண்டாக நம் புலவர்கள் இதைக் கண்ணாய்க் காத்துவந்தார்கள். குடையும் அதையே செய்கிறது: காதல் தெரியும், யாருடையது என்பது தெரியாது. ஆகக் காலிமுகத்திடல் என்பது திறந்த மைதானத்தில் நாள்தோறும் நடக்கும் அகத்திணை அரங்கேற்றம். குடையைத் தாண்டி முகத்தை எடுத்து, முகநூலில் போட்டு, பெயரையும் ஒட்டிவிடுகிறானே ஒருவன், அவன் ஒரு சோடியின் அகத்தைப் புறமாக்குகிறான். அன்று மாலைக்குள் மட்டக்குளியில் இருக்கும் மாமாவுக்குச் செய்தி போகும். இதற்குப் பழைய பெயர் அலர். வேலை ஒன்றே, வேகம்தான் கூடியிருக்கிறது. படப்பிடிப்பு ஒழுக்கநெறி பற்றி வெளிநாட்டில் தடித்தடியாய்ப் புத்தகம் எழுதுகிறார்கள். ‘பெயர் சொல்லாதே’ என்ற நம் இரண்டு சொல்லில் அதில் பாதி அடங்கும்.

கள ஆய்வில் ஏற்பட்ட ஓர் இடையூறையும் பதியவேண்டும். ஒரு ஞாயிறு குடைகளை எண்ணிக்கொண்டு போனேன். 23ஆவது குடையின் விளிம்பு இரண்டு விரல் உயர்ந்தது.

“அங்கிள், என்ன எண்ணுறீங்க?”

“குடை.”

“ஏன்?”

“ஆராய்ச்சி.”

விளிம்பு இறங்கியது. உள்ளே சிங்களத்தில் ஒரு சிறு கலந்துரையாடல். ‘பிஸ்ஸு’ என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. எண்ணிக்கை 23இல் நிறுத்தப்பட்டது. அப்போது எடுத்த குறிப்புகளின் கதை வருமாறு (வ.தா. 14, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணித விடைத்தாள், 38 புள்ளி, சிவப்பு மையில் ‘கவனம் போதாது’ என்ற ஆசிரியர் குறிப்பு, அது எனக்கா பிள்ளைக்கா என்று தெளிவில்லை, இறால் எண்ணெய்ப் பதிப்பு, வலது மூலை ஆய்வாளரால் தவறுதலாகத் தின்னப்பட்டது, மிகுதியைக் காகம் கொண்டுபோனது, மேற்கோள் காட்டக் காகத்திடம் அனுமதி கோரப்பட்டுள்ளது, பதில் வரவில்லை).

2022 ஏப்ரலில் இதே திடல் முழுக்கக் கூடாரமாகிக் குடைகளைவிடக் கமராக்கள் பெருகின. அதைப் பற்றி எழுத வேறு அறிஞர்கள் இருக்கிறார்கள். மிக அதிகமாகவே இருக்கிறார்கள்.

கோட்பாடு

கோட்பாடு இல்லாமல் முடித்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கார்த்தியே-பிரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1952இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலத் தலைப்பு ‘தீர்மானகரமான கணம்’ என்ற பொருள் தருவது. அந்தக் கணத்தைப் பிடிப்பது எப்படி என்று எழுபது வருஷமாய் வகுப்பெடுக்கிறார்கள். ஆனால் அவர் பிரெஞ்சில் வைத்த தலைப்பு வேறு. அந்தச் சொற்றொடர், அனுமதிப்பத்திரம் இல்லாமல் தெருவோரம் துணி விரித்து வியாபாரம் செய்து, பொலிசைக் கண்டதும் நான்கு மூலையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ஓடுகிறவனின் தொழிலைக் குறிக்கப் புழங்குவது. அதாவது புறக்கோட்டை நடைபாதைக் காரர். தெருவில் படம் எடுப்பவன் எப்படிப்பட்டவன் என்று மூல ஆசிரியர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆங்கிலத்தில் அதற்குக் கோட்டு மாட்டிவிட்டார்கள். நம் பேராசிரியர்கள் கோட்டைத்தான் மொழிபெயர்க்கிறார்கள்.

அடுத்தவர் ரொலான் பார்த். 1980இல் வந்த அவர் நூலிலிருந்து ‘ஸ்டூடியம்’, ‘பங்க்டம்’ என்ற இரண்டு சொல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நூலகத்திலேயே வைத்துவிட்டு வருவது வழக்கம். பங்க்டம் என்றால் குத்து. படத்தில் எங்கோ மூலையில் கிடக்கும் ஒரு சின்ன விஷயம் பார்ப்பவரைச் சுருக்கென்று குத்துமாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்குக் குத்துப் பற்றிப் பாரிஸிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மிச்சப் புத்தகத்தை நான் வாசித்தேன். அதன் பின்பாதி முழுக்க ஒரே ஒரு படத்தைச் சுற்றுகிறது: இறந்துபோன தாயார் ஐந்து வயதுச் சிறுமியாய் நிற்கும் படம். எத்தனையோ படங்களை அச்சிட்ட அந்நூலில் அந்தப் படம் மட்டும் இல்லை. வாசகருக்கு அது வெறும் ஒரு படம், ஆகவே காட்டமாட்டேன் என்கிறார் பார்த்.

சரி. காட்டாமல் வைத்துக்கொள்ள அவரிடம் ஒரு படம் இருந்தது.

விடுபட்ட ஒரு வகை

கமராக்காரரில் கடைசி வகை ‘அனுப்புகிறேன்’காரர். இவர்கள் எடுப்பார்கள், சிரிப்பார்கள், விலாசம் கேட்டு எழுதிக்கொள்வார்கள், போவார்கள். கைத்தொலைபேசி வந்த பிறகு இவ்வகை அருகிவிட்டது. தரவு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை முழுமையாகத் தருகிறேன்.

1978, சித்திரை விடுமுறை. வெள்ளவத்தையில் கால்வாய் கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட, தண்டவாளத்துக்கும் பாறைக்கும் நடுவில், மாலை ஐந்து மணிபோல பெரியம்மா நின்றார். மாம்பழ மஞ்சள் சேலை. கையில் கறுப்புக் குடை, விரித்தது. கலியாணமாகி இரண்டு மாதம். மேற்படி வகைப்பாட்டில் எதில் சேர்ப்பது என்று கேட்டேன், “உன்ர வேலையைப் பார்” என்றார். முழங்கால் சிவந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து கமராவைக் காட்டித் தலையைச் சாய்த்தார். பெரியப்பா ஓம் என்றார். இரண்டு தரம் எடுத்தார். சிகரெட் பெட்டியைக் கிழித்து, உட்பக்கத்தில் விலாசம் எழுதிக்கொண்டார். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் நல்லாய் வரும். அனுப்புகிறேன் என்று அவர் சொன்னது இருவருக்கும் விளங்கியது.

அவர் அனுப்பவில்லை என்று சொல்ல முடியாது. அனுப்பி, பிந்தி வந்திருக்கலாம். 1983 ஜூலையில் அந்த விலாசத்தில் வீடு இல்லை. அல்பங்கள் இரண்டும் வீட்டோடு போயின. கலியாணப் படமும் அதற்குள். பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மாவின் இளவயதுப் படம் என்று உலகத்தில் ஒன்று இருக்குமானால் அது அந்த வெள்ளைக்காரரின் வீட்டில், ஏதோ ஒரு பெட்டியில், ‘சிலோன்’ என்று எழுதிய உறைக்குள் இருக்கவேண்டும்.

சென்ற வருஷம் இரண்டு கண்ணிலும் கட்டராக்ட் வெட்டிய பிறகு பெரியம்மா கேட்டது, “இப்ப வந்தால் வடிவாய்ப் பார்க்கலாம் என்ன?” என்பது. நெய்தலின் உரிப்பொருள் மின்கலம் தீர்தல் அன்று என்று முன்பே சொன்னேன்.

ஆகவே இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கு வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய அயலில் வயதான யாரும் எழுபதுகளின் கடைசியில் இலங்கைக்கு வந்துபோனவராக இருந்தால், பழைய படங்களை ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் தண்டவாளம், இடப்பக்கம் பாறை, நடுவில் குடையோடு ஒரு பெண். படம் கருப்புவெள்ளையாய் இருந்தாலும் பரவாயில்லை, சேலையின் நிறம் எங்களுக்குத் தெரியும். இந்த இதழின் விலாசத்துக்கு அனுப்பினால் வந்துசேரும். தபால் செலவை நாங்கள் தருவோம். குடையில் வலப்பக்கத்துக் கம்பி ஒன்று வளைந்திருக்கும்.